நூற்றைம்பதாம் இலக்கக் காணி

மருதடி வாய்க்காலில் அறுபது காணிகள் இருந்தன. அதை எண்ணிச் சொல்ல அதுவரை ஒரு அரசாங்கக் கந்தோர் தேவைப்படவில்லை. துருசடியில், அதாவது குளத்து மதகடியில், ஒன்றாம் இலக்கக் காணி. அங்கிருந்து சவளக்கடைப் பக்கமாக இறங்கிப்போய், ஆற்றுவாழை மூடிக் கிடக்கும் சதுப்பில் வாய்க்கால் விழும் இடத்தில் அறுபதாம் இலக்கக் காணி. தண்ணீர் குறைந்த வருடங்களில் கடைசிக் காணிக்கு முதலில் பாய்ச்சி, பிறகு ஒவ்வொன்றாக மேலே வருவது வழக்கம். கடைசி ஆளுக்குக் கிடைத்துவிட்டால் நடுவில் இருப்பவன் தவறிப்போக மாட்டான் என்பது அதன் நியாயம். வயல்காரர் கூடித் தெரிவு செய்த வட்டவிதானை துருசைத் திறப்பார், சண்டை வந்தால் விலக்குப் பிடிப்பார், அறுவடை முடிந்ததும் ஆளுக்கொரு பங்கு நெல் வாங்கிக்கொள்வார். இந்த ஏற்பாட்டில் இருந்த ஒரே குறை, அதில் அரசாங்கத்துக்கு ஒரு வேலையும் இல்லாததுதான்.

எண்பதாம் ஆண்டுச் சிறுபோகத்தில் அந்தக் குறை தீர்ந்தது. குளத்தில் தண்ணீர் கீழே போய்விட்டது என்ற செய்தி கொழும்புக்கு எட்டியதும், தண்ணீருக்குப் பதிலாகக் கல்முனைக்கு ஒரு கந்தோர் வந்தது. பெயர் நீர்ப் பங்கீட்டுக் கந்தோர். ஒரு இஞ்சினியர், ஒரு பெரிய கிளாக்கர், மேற்பார்வைக்கு மூன்று ஓவசியர்கள், ஒரு ஜீப். திறப்பு விழா துருசடியில் பந்தல் போட்டு நடந்தது. வட்டவிதானையை, வந்தவர்கள் உட்காரக் கதிரை அடுக்கச் சொன்னார்கள்.

இஞ்சினியர் பேசினார். "அன்பான விவசாயப் பெருமக்களே, தண்ணீர் மேலிருந்து கீழே ஓடும் ஒரு பொருள். அதை இவ்வளவு காலமும் ஒரு திட்டமும் இல்லாமல் ஓட விட்டிருக்கிறீர்கள். உங்கள் வட்டவிதானைக்கு உங்கள் ஒவ்வொருவரையும் தெரியும். பாரபட்சம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. எனக்கு உங்களில் ஒருவரையும் தெரியாது. இனிமேலும் தெரிந்துகொள்ள மாட்டேன் என்று இந்த மேடையில் உறுதி தருகிறேன். எனக்குத் தெரிய வேண்டியது உங்கள் இலக்கம் மட்டுமே."

கந்தோர்க்காரர் கை தட்டினார்கள். பிறகு பெரிய கிளாக்கர் நல்லரெத்தினம் எழுந்து புதிய முறையை வாசித்தார். மூன்றின் மடங்காக வரும் காணிகளுக்குத் திங்கட்கிழமை தண்ணீர். ஐந்தின் மடங்குகளுக்கு வியாழக்கிழமை. மூன்றாலும் ஐந்தாலும் வகுபடாத காணிகளுக்குச் சனிக்கிழமை. நாளுக்கு ஒரு ஓவசியர். முறை தவறி வாய்க்காலில் கை வைத்தாலும், ஒரு காணித் தண்ணீரை இன்னொரு காணிக்கு விட்டாலும் காணிக்கான அனுமதிப் பத்திரம், பேர்மிற், ரத்தாகும்.

அச்சிமுகம்மதுவின் காணி நாற்பத்தைந்தாம் இலக்கம். கணக்கில் அவருக்கு அவ்வளவு பழக்கம் இல்லை. ஆனாலும் விரல் விட்டு எண்ணிப் பார்த்ததில் தன் காணி மூன்றாலும் வகுபடும், ஐந்தாலும் வகுபடும் என்று தெரிந்தது. அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய் மனைவி நஸீறாவிடம் சொன்னார்.

"நமக்கு ரெண்டு தண்ணி கெடைக்கும் புள்ள. திங்களும் வருது, வியாழனும் வருது."

"ரெண்டு தண்ணி தாற கந்தோர நான் இன்னும் காணல்ல" என்றாள் நஸீறா. "ஒரு தண்ணி ஒழுங்கா வருதா எண்டு பாருங்க. போன போகம் வெள்ளத்தோட போயிற்று. இதும் போனா வருசத்துக்கும் சோத்துக்கு என்ன செய்யிற? விதை நெல்லுக்கு ஆர்ர வாசல்ல போய் நிக்கிற?"

அவள் சொன்னது சரிதான். அந்த வீட்டின் ஒரு வருடச் சோறும் அடுத்த போகத்து விதையும் நாற்பத்தைந்தாம் இலக்கக் காணியில்தான் பச்சையாக நின்றன. ஆனால் முதல் கிழமை நஸீறா தோற்றுப்போனாள். திங்கட்கிழமையும் தண்ணீர் வந்தது, வியாழக்கிழமையும் வந்தது. பக்கத்து நாற்பத்துநாலாம் காணிக்காரர் தம்பிமுத்துவுக்குச் சனிக்கிழமை மட்டும்தான். அவர் வரம்பில் குந்தியிருந்து வெற்றிலை மென்றபடி, அச்சிமுகம்மதுவை அண்ணன் முறை வைத்து, "காக்கா, உங்கட வாப்பா இலக்கம் பாத்துத்தான் காணி எடுத்திருக்கார்" என்றார்.

கந்தோரில் ஒவ்வொரு கிழமையும் நடந்தது தலைமைக் கந்தோருக்குத் தந்தியில் போகவேண்டும். அறுபது காணியின் விபரத்தையும் தந்தியில் அடித்தால் செலவு தாங்காது. அதற்குப் பெரிய கிளாக்கர் நல்லரெத்தினம் ஒரு வழி கண்டுபிடித்தார். தண்ணீர் பெற்ற காணிகளின் இலக்கங்களைக் கூட்டி, கூட்டுத்தொகையை மட்டும் அனுப்புவது. ஒன்றிலிருந்து அறுபது வரை கூட்டினால் ஆயிரத்து எண்ணூற்று முப்பது வரவேண்டும். அது வந்தால் எல்லாருக்கும் தண்ணீர் போயிற்று என்று கொழும்பு விளங்கிக்கொள்ளும்.

நல்லரெத்தினம் கூட்டலில் புலி. ஒன்றோடு அறுபதைச் சேர், அறுபத்தொன்று. இரண்டோடு ஐம்பத்தொன்பதைச் சேர், அதுவும் அறுபத்தொன்று. இப்படி முப்பது சோடி. முப்பது தரம் அறுபத்தொன்று ஆயிரத்து எண்ணூற்று முப்பது. இதை அவர் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடுவார். மூன்றின் மடங்குகளுக்கு அவருக்குக் கடதாசியே வேண்டாம். ஒன்றிலிருந்து இருபது வரை கூட்டி மூன்றால் பெருக்கி அறுநூற்று முப்பது என்பார். ஐந்தின் மடங்குகள் முந்நூற்றுத் தொண்ணூறு. மீதிக் காணிகள் தொளாயிரத்து அறுபது. இந்த மூன்று தொகையும் சரியானவை. மூன்றையும் கூட்டிய கூட்டும் சரியானது. அது ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பது.

கொழும்பிலிருந்து மறுதந்தி வந்தது. "150 அதிகம். விளக்கம் தருக."

நல்லரெத்தினம் தன் கூட்டலை மூன்று விதமாகச் சரிபார்த்தார். கூட்டலில் பிழை இல்லை. பிழை இல்லாத கணக்கில் நூற்றைம்பது அதிகமாக இருந்தால் அதற்கு ஒரே ஒரு விளக்கம்தான் உண்டு என்று அவர் இஞ்சினியரிடம் சொன்னார். நூற்றைம்பதாம் இலக்கக் காணிக்காரன் ஒருவன் களவாகத் தண்ணீர் எடுக்கிறான்.

மறுநாள் ஜீப் புறப்பட்டது. இஞ்சினியரும் பெரிய கிளாக்கரும் மூன்று ஓவசியர்களும் துருசடியிலிருந்து ஒவ்வொரு காணியாக இலக்கம் பார்த்துக்கொண்டு இறங்கினார்கள். அறுபதோடு காணிகள் முடிந்தன. அதற்கு அப்பால் சதுப்பு, ஆற்றுவாழை, கழுத்தளவு தண்ணீரில் கிடந்த ஒரு எருமை. காணிக்காரன் தலைமறைவு என்று எழுதிக்கொண்டார்கள். சதுப்பின் ஓரத்து மருதமரத்தில் ஒரு அறிவித்தல் ஒட்டப்பட்டது. நூற்றைம்பதாம் இலக்கக் காணியின் சொந்தக்காரர் உடனடியாகக் கந்தோருக்குச் சமுகம் தரவேண்டும், தவறினால் சட்ட நடவடிக்கை எடுக்கப்படும். எருமை அதை ஒரு பாட்டம் பார்த்துவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டது.

அடுத்த கிழமையும் தந்தியில் நூற்றைம்பது அதிகம். நல்லரெத்தினம் சாப்பாட்டை மறந்தார். ஒரு நாள் மத்தியானம் சிகரெட் பெட்டியின் பின்பக்கத்தில் எதையோ கூட்டிக்கொண்டிருந்தவர் எழுந்து ஓடிப்போய் இஞ்சினியரின் கதவைத் தட்டினார்.

"சேர், அவன் ஒரு ஆளில்ல. நாலு பேர். பதினைஞ்சு, முப்பது, நாப்பத்தைஞ்சு, அறுபது. கூட்டிப் பாருங்க, நூற்றைம்பது. மூண்டின்ட பட்டியல்லயும் இருக்கிறானுகள், அஞ்சின்ட பட்டியல்லயும் இருக்கிறானுகள்."

இஞ்சினியர் கூட்டிப் பார்த்தார். நூற்றைம்பதுதான். இவ்வளவு காலமும் நான்கு பேர் பகிரங்கமாகக் கந்தோரின் கண்ணுக்கு முன்னால் இரண்டு தரம் இருந்திருக்கிறார்கள் என்பது அவருக்குப் பெரிய மனவருத்தமாகப் போயிற்று.

நான்கு பேரையும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அச்சிமுகம்மது வெள்ளைச் சட்டை போட்டு, தொப்பியும் வைத்துக்கொண்டு போனார். கந்தோர் வாங்குப் பலகையில் காத்திருந்தவரைப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் உள்ளே கூப்பிட்டார்கள்.

"கந்தோரில நீங்க எத்தினை தரம் இருக்கிறீங்க எண்டு தெரியுமா?" என்று கேட்டார் நல்லரெத்தினம்.

"ஒரு தரம்தான் சேர். நான் ஒராள்தானே."

"அது உங்கட அபிப்பிராயம். கணக்கின்படி நீங்க ரெண்டு தரம் இருக்கிறீங்க. இந்த வாய்க்காலில ஒராள் கூடிப்போயிருக்கு எண்டா அது நீங்க."

கூடிப்போனது தானா, மற்றவனா என்று அச்சிமுகம்மது யோசித்தார். "அப்ப சேர், ஒரு தரத்த எடுத்துப்போட்டு ஒரு தரத்த வெச்சிக்கங்க" என்றார்.

இதுதான் நியாயமான தீர்வு என்று இஞ்சினியரும் சொன்னார். இரண்டு தரம் கூட்டப்பட்ட காணிகளை ஒரு தரம் கழிக்கவும் என்று கட்டளை போயிற்று. திங்கள் ஓவசியர் கட்டளைக்குப் பணிகிற மனிதர். வியாழக்கிழமை கிடைக்கும்தானே என்று நான்கு பேரையும் தன் பட்டியலில் வெட்டினார். வியாழன் ஓவசியரும் கட்டளைக்குப் பணிகிற மனிதர்தான். அவர் திங்கட்கிழமையை நினைத்து வெட்டினார்.

அந்தக் கிழமை அச்சிமுகம்மது மண்வெட்டியோடு திங்களும் காத்திருந்தார், வியாழனும் காத்திருந்தார். அடுத்த கிழமையும் அப்படியே. பயிர் குடலைப் பருவம். கதிர் உள்ளே திரண்டுகொண்டிருக்கும் அந்த நேரத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் பிறகு குளம் முழுவதையும் கொண்டுவந்து கொட்டினாலும் பதர்தான். வயலில் கால் விரல் போகுமளவுக்கு வெடிப்பு விழுந்தது. அவர் கந்தோருக்கு நடந்தார்.

"உங்கட தண்ணி வியாழக்கிழம" என்றார் திங்கள் ஓவசியர்.

"உங்கட தண்ணி திங்கக்கிழம" என்றார் வியாழன் ஓவசியர்.

சனி ஓவசியர் நல்ல மனிதர். கதிரை காட்டி இருக்கச் சொல்லி, தேத்தண்ணியும் எடுப்பித்துக் கொடுத்தார். "எனக்கு மனசில்லாம இல்ல காக்கா. ஆனா சனிக்கிழம மூண்டாலயும் அஞ்சாலயும் வகுபடாத காணிக்குத்தான். உங்கட காணி ரெண்டாலயும் வகுபடுது. நான் என்ன செய்யிற?"

"வகுபடாம இரிக்கிறதுக்கு நான் என்ன செய்யணும் சேர்?"

"அது காணிய வாங்க முந்தி யோசிச்சிருக்கணும்."

"அப்ப என்ட காணிக்கு நாப்பத்தாறு எண்டு போட்டுத் தாங்களன்."

"நாப்பத்தாறில வேற ஆள் இருக்கே" என்றார் ஓவசியர், உண்மையான கவலையோடு.

இதற்கிடையில் கொழும்பிலிருந்து தந்தி வந்திருந்தது. இம்முறை கூட்டுத்தொகை ஆயிரத்து அறுநூற்று எண்பது. "150 குறைவு. விளக்கம் தருக." கந்தோரில் யாரும் இதை எதிர்பார்க்கவில்லை. அதிகமாக இருந்தால் பிடித்துக் கழிக்கலாம், குறைந்தால் எங்கே போய்த் தேடுவது? நல்லரெத்தினம்தான் கைகொடுத்தார். குறைவது நூற்றைம்பது. நூற்றைம்பதாம் இலக்கக் காணி என்று ஒன்று கந்தோரில் ஏற்கனவே பதிவாகியிருக்கிறது, மரத்தில் அறிவித்தலும் ஒட்டியாயிற்று. ஆட்சேபம் என்று யாரும் வரவில்லை. அந்தக் காணியைச் சட்டப்படி ஏற்றுக்கொண்டு தண்ணீர் கொடுத்தால் கணக்கு நேராகிவிடும்.

அப்படியே கொடுத்தார்கள். நூற்றைம்பது மூன்றாலும் வகுபடுகிறது, ஐந்தாலும் வகுபடுகிறது. ஆகவே திங்களும் வியாழனும் தண்ணீர் அறுபது காணிகளையும் தாண்டிப் போய்ச் சதுப்பில் விழுந்தது. வழியில் யாரும் கை வைக்காமல் பார்க்க வாய்க்கால் கரையில் காவலும் போட்டார்கள். எருமை இருந்த இடத்திலேயே கொஞ்சம் உயர்ந்தது. கிழமை முடிவில் நூற்றைம்பதை இரண்டு தரம் சேர்த்து அனுப்பினார்கள். ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பது. "150 அதிகம். விளக்கம் தருக" என்று கொழும்பு கேட்டது. இது பழைய பிரச்சினைதான் என்று தெரிந்ததும் கந்தோரில் எல்லாரும் நிம்மதியாகச் சாப்பிடப் போனார்கள்.

அச்சிமுகம்மதுவுக்கு அந்த நிம்மதி இல்லை. தன் வயலைத் தொட்டுக்கொண்டு ஓடும் தண்ணீரின் சத்தத்தைக் கேட்டபடி, வெடித்த நிலத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று நின்றவனுக்குத்தான் தெரியும். நஸீறா வந்து வரம்பில் நின்று பார்த்தாள். ஏசுவாள் என்று நினைத்தார். அவள் ஒரு பயிரைப் பிடுங்கி, குடலையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அவருக்கு அவள் ஏசியிருக்கலாம் என்று இருந்தது.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் அவர் வயலுக்குப் போனபோது, தம்பிமுத்துவின் காணிப் பக்கத்து வரம்படியில் மண் கறுத்துக் கிடந்தது. கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார். வரம்பில் ஒரு நண்டு வளை. அதன் வழியாகக் கை மொத்தத்துக்குத் தண்ணீர் இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது. தம்பிமுத்து அப்பால் நின்று புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"தம்பிமுத்து, உன்ட வரம்புல நண்டு வளையொண்டு கெடக்கு."

"ஓம், கண்டனான்."

"அடைக்கல்லயா?"

"எனக்கு முதுகு நோகுது காக்கா. குனியேலா."

"இந்த நண்டு நல்ல பெரிய நண்டாயிரிக்கணுமே. மண்வெட்டி வெட்டின மாதிரி இரிக்கி."

"இந்த வருசம் நண்டெல்லாம் பெரிசுதான்" என்றார் தம்பிமுத்து, தலை நிமிராமல்.

அதற்குப் பிறகு இருவரும் அதைப்பற்றிக் கதைக்கவில்லை. கதைத்தால் பேர்மிற் போய்விடும். பதினைந்து, முப்பது, அறுபது காணிக்காரர்களுக்கும் பக்கத்தில் சனிக்கிழமைக்காரர்கள் இருந்தார்கள். அந்த வரம்புகளிலும் நண்டு தோண்டியது. தம்பிமுத்துவின் காணியில் மேற்கு மூலை மஞ்சளாகிப் பதராய்ப் போயிற்று. அச்சிமுகம்மது அந்த மூலையை ஒவ்வொரு நாளும் பார்த்தார். பார்த்துக்கொண்டு தன் வயலுக்குள் இறங்குவது அவருக்கு வெட்கமாக இருந்தது.

அறுவடை வந்தது. கந்தோர்க்காரர் நாடாவோடும் தராசோடும் வந்து காணிக்காணியாக விளைச்சலை அளந்தார்கள். பிறகு துருசடியில் திரும்பவும் பந்தல் போட்டார்கள். வட்டவிதானை கதிரை அடுக்கினார். பதினைந்து, முப்பது, நாற்பத்தைந்து, அறுபது காணிக்காரர்கள் நால்வரையும் மேடையில் ஏற்றி மாலை போட்டார்கள்.

இஞ்சினியர் பேசினார். "பெருமக்களே, நாங்கள் ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்திருக்கிறோம். இந்த நான்கு காணிகளுக்கும் ஏழெட்டுக் கிழமை ஒரு சொட்டுத் தண்ணீரும் கொடுக்கப்படவில்லை. அதற்கு என் கையொப்பமே சாட்சி. ஆனாலும் மற்றக் காணிகளுக்குச் சமமாக விளைந்திருக்கின்றன. நாற்பத்துநாலாம் காணிக்கு ஒழுங்காகத் தண்ணீர் கொடுத்தோம், அதில் ஒரு மூலை பதர். பக்கத்திலேயே நாற்பத்தைந்து தண்ணீரில்லாமல் செழித்திருக்கிறது. இதிலிருந்து என்ன தெரிகிறது? பிரச்சினை தண்ணீர்தான். பதினைந்தின் மடங்குகளுக்குத் தண்ணீர் தேவையில்லை. ஆகவே அடுத்த போகத்திலிருந்து இந்த வாய்க்காலின் அறுபது காணிகளுக்கும் பதினைந்தின் மடங்குகளாகவே இலக்கம் வழங்கப்படும். முதலாம் காணி பதினைந்து. கடைசிக் காணி தொளாயிரம். உங்கள் எல்லாருக்கும் இந்தப் பாக்கியம் கிடைக்க வேண்டும் என்பதே எனது ஆசை."

நாற்பத்தைந்தாம் காணிக்காரர் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார்கள். அச்சிமுகம்மது எழுந்து நின்றார். நண்டைப் பற்றிச் சொன்னால் அறுபது பேருக்கும் தண்ணீர் கிடைக்கலாம்; தம்பிமுத்துவுக்குக் காணி இருக்காது. சொல்லாவிட்டால் தம்பிமுத்துவுக்குக் காணி இருக்கும். அதில் விளைய ஒன்றும் இருக்காது. அவர் கூட்டத்தில் தம்பிமுத்துவைத் தேடினார். தம்பிமுத்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒண்டும் செய்யல்ல சேர்" என்றார் அச்சிமுகம்மது. "அல்லாஹ் தந்தான். பக்கத்துல இரிக்கிறவங்களும் நல்லவங்க."

ஆன்மிகமும் அயலவர் ஒற்றுமையும் என்று நல்லரெத்தினம் குறித்துக்கொண்டார்.

ஒரு கிழமையில் புதிய இலக்கப் பலகைகள் நட்டாயிற்று. பூச்சு காயாத பலகையில் அச்சிமுகம்மதுவின் காணி அறுநூற்று எழுபத்தைந்து, தம்பிமுத்துவின் காணி அறுநூற்று அறுபது. இருவரும் நடு வரம்பில் குந்தியிருந்தார்கள்.

"காக்கா, எனக்கும் இனித் தண்ணியில்ல" என்றார் தம்பிமுத்து. "நம்மட நண்டு இனி ஆர்ர காணியில போய்த் தோண்டும்?"

அச்சிமுகம்மது தன் பலகையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "பத்தாம் காணி சரீபா ராத்தாட. காலைல அந்தப் பக்கம் போனன். அங்க பலகையில என்ன எழுதியிரிக்கி எண்டு பாத்தியா?" என்றார்.

"இல்லையே."

"நூற்றைம்பது."

தம்பிமுத்து வெற்றிலை மெல்வதை நிறுத்தினார். நூற்றைம்பதாம் இலக்கக் காணிக்குத் திங்களும் வியாழனும் தண்ணீர் விடவேண்டும் என்ற கட்டளையைக் கந்தோரில் யாரும் ரத்துச் செய்யவில்லை. கந்தோரில் யாரும் எதையும் ரத்துச் செய்வதில்லை.

"அங்கயிருந்து கீழ அறுபதாம் காணி வரைக்கும் எத்தின வரம்பு காக்கா," என்றார் தம்பிமுத்து. "மேல வேற ஒம்பது காணி. அவங்களுக்கு வாளியாலதான் இறைக்கணும். ஒரு நண்டு போதாதே."

"ஒரு நண்டு ஏன்?" அச்சிமுகம்மது மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு எழுந்தார். "நாம அறுபது பேர் இரிக்கமே."